கொடைக்கானலுக்கு நான் இரண்டாவது முறை போனது

எனக்குப் பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், 'தெரியாது' என்று சொல்ல வராதது. பாடி பஸ் ஸ்டாப்பில் யாராவது வழி கேட்டால் போதும், கை தானாக ஒரு பக்கம் நீண்டுவிடும். அப்படி நான் கை நீட்டிய பக்கம் போன ஒருவர், அரை மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். நான் அதே இடத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்போதும் நான், "ரோட்ட வெட்டிப் போட்டுட்டானுங்களோ இன்னாவோ" என்றுதான் சொன்னேன்.

என் பெயர் பக்தவத்சலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். என் அப்பா அத்திப்பட்டில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினவர். அந்த நிலத்துப் பக்கத்திலேயே கம்பெனிகள் வந்துவிட்டதால், வேலைக்காகக்கூட நான் ஊரைவிட்டு நகர வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வயது வரை நான் பார்த்த உலகம் மேற்கே அரக்கோணத்தில் முடியும், கிழக்கே மெரினாவில் முடியும். இந்த லட்சணத்தில்தான் எண்பத்தாறாம் வருஷம் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண் வீட்டுக்குக் கொடுக்க ஒரு போட்டோ வேண்டும். அம்பத்தூர் ஓ.டி.யில் துலுக்கானம் என்பவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். பின்னால் தொங்கவிட அவரிடம் மூன்று படுதாக்கள் இருந்தன. ஒன்றில் கோபுரம், ஒன்றில் ஏரோப்ளேன், ஒன்றில் மலை. மலைப் படுதாவில் ஓர் ஏரி, ஏரியின் மேல் வளைந்த பாலம், கரையில் சிவப்புக் கூரை போட்ட வெள்ளைக்காரன் பங்களா, எல்லாவற்றுக்கும் மேலே பனி மூடிய மூன்று சிகரங்கள். அதை வரைந்தவர் சினிமா பேனர் எழுதுகிற பாடிக்காரர். அவரும் என்னைப் போலவே பரங்கிமலையைத் தாண்டாதவராக இருந்திருக்க வேண்டும்.

துலுக்கானம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா நின்னா நல்லாக்காது நைனா. இத்த மாட்டு" என்று, வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் சுமக்கிற மாதிரி ஒரு பெரிய கேன்வாஸ் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே முழுக்கப் பழைய பேப்பர். ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, தூரத்தில் எதையோ பார்க்கச் சொன்னார். தூரத்தில் இருந்தது அவர் போட்டோ கழுவுகிற தொட்டி. அதைத்தான் அவ்வளவு வீரமாகப் பார்த்திருக்கிறேன்.

பட்டாபிராமில் பெண் பார்க்கப் போனோம். பெண் வசந்தகுமாரி பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். "போட்டோல இருக்கறது எந்த ஊருங்க?" என்று நேராக என்னிடமே கேட்டாள். ஸ்டுடியோ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு, "கொடைக்கானல்" என்றது. அதோடு நிற்காமல், "லீவு கெடச்சா போதும். பைய மாட்டிகினு கெளம்பிடுவேன். ரூம் கீம் எதுவும் கெடையாது. கால் போற பக்கம் போவேன், எடம் கெடச்ச பக்கம் படுப்பேன்" என்றும் சொன்னது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவே என்னை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு வாரத்தில் சம்மதம் என்று சேதி வந்தது. ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கிற இடத்தில் பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் எல்லாம் உள்ள ஒரு மாப்பிள்ளையும் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாராம். அவரை விட்டுவிட்டு ஏன் என்னைப் பிடித்தது என்று நான் யோசிக்கவில்லை. என் முகவெட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கொடைக்கானல் என் வீட்டில் ஓர் ஆளாகவே வந்து சேர்ந்துகொண்டது. தெருவில் வெயில் கொளுத்தினால், "எங்க ஊட்டுக்காரர் போன ஊர்ல ஐஸு கொட்டிக் கெடக்கும்" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். நானும் விளக்குவேன். எப்போது கூட்டிப் போவீர்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஓவர்டைம், அப்பாவுக்கு மூட்டுவலி, மழைக்காலம் என்று நாலு வருஷம் ஓட்டினேன். தொண்ணூறாம் வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு விட்டுவிட்டார்கள். தப்பிக்க வழியில்லை.

பை வேண்டுமே. எதிர்வீட்டுக்காரரின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். அவனுடைய பச்சைப் பையை வாங்கி வந்தேன். வசந்தா அதில் புளிசோறு, முறுக்கு, இரண்டு போர்வை, ஒரு புட்டி மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் அடைத்தாள். பழைய பேப்பர் நிரம்பிய பை எவ்வளவு லேசு என்று எழும்பூர் ஸ்டேஷன் படியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

காலையில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி பஸ் ஏறினோம். பத்தாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். "வத்தலகுண்டுல குடிச்ச டீ சரியில்ல" என்றேன். காது அடைத்துக்கொண்டதால் அவள் பதில் சொன்னது கேட்கவில்லை. ஓர் இடத்தில் பாறை மேலிருந்து அருவி வெள்ளையாக விழுந்தது. எனக்கு பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நாலு வருஷமாக இதைப் பற்றிப் பேசினவன் இப்போது வாயைப் பிளக்க முடியுமா? "மழைக்காலத்துல இன்னும் பெருசா ஊத்தும்" என்று கொட்டாவி விட்டேன். கையைத் தூக்கிக் காட்டப் போன வசந்தா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊருக்குள் இறங்கியபோது, தெருக்கோடியிலிருந்து வெள்ளையாக என்னவோ உருண்டு வந்தது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று கத்த வாயெடுத்து, பக்கத்தில் யாரும் ஓடாததைப் பார்த்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். அது மேகம். கடைக்காரர் ஸ்வெட்டர் காட்டினார். "அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, பல் கிட்டிக்கொள்ளாமல் இருக்க முறுக்கைக் கடித்துக்கொண்டே நடந்தேன். ஊறுகாய்ப் புட்டியின் மூடி கழன்று, எண்ணெய் முதுகுவழியே இடுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது.

டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. இரண்டு நாள் நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். கல்லால் கட்டின சர்ச்சுகள், பூந்தொட்டி வைத்த பங்களாக்கள், புகைபோக்கிகள், ஏரியில் துடுப்புப் படகு, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று நான் பொய்யாக ஏதாவது சொன்னேன். சிவப்புக் கூரை பங்களா ஒன்றைக் காட்டி, "இதான் போட்டோல இருந்தது" என்றேன். வாட்ச்மேன் தடியைத் தட்டி எங்களை விரட்டினார். "போன தடவ இருந்த வாட்ச்மேன் நல்ல மனுசன்" என்றேன். மலை உச்சியில் பனி எங்கே என்றாள். உருகிவிட்டது என்றேன்.

"அந்தப் பாலம் எங்கங்க?"

"அதுவா? எம்பத்தேழுல வெள்ளம் வந்துச்சி பாரு, அப்ப அடிச்சிகினு பூடுச்சி."

"ஐயோ பாவமே. யார்னா செத்தாங்களா?"

"ரெண்டு பேரு" என்றேன். யாரும் சாகவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தெரியாது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம். மலையின் ஓரமாகவே போகிற நடைபாதையில் நடந்தோம். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு என்று சொன்னார்கள். மேகம் அடைத்திருந்ததால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஓர் அம்மா அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். வசந்தா கடலை வாங்கிக்கொண்டே அவரிடம் இரக்கத்தோடு கேட்டாள்.

"ஏம்மா, பாலம் இடிஞ்சி ரெண்டு பேரு செத்தாங்களாமே, யாரு ஊட்டுக்காரங்க? புள்ள குட்டி இருந்துச்சா?"

"எந்தப் பாலம் தாயி?"

"ஏரி மேல இருந்திச்சே, வளஞ்சாப்புல."

"ஏரி மேல ஏது பாலம்? முப்பது வருசமா இங்கனதான கெடக்கேன். பாலமும் இல்ல, யாரும் சாகவுமில்ல. யாரு சொன்னா ஒனக்கு?"

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் மரியாதை கழன்றுவிடும்.

"யோவ். நெசத்த சொல்லு. இதுக்கு முன்னாடி நீ இங்க வந்துகீறியா?"

பாலம் வேறு பக்கம் என்று ஒன்று வந்தது, அந்த அம்மாவுக்கு ஞாபகமறதி என்று ஒன்று வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் தொண்டையைத் தாண்டவில்லை.

"இல்ல."

"இந்த ஊருக்கா?"

"எந்த ஊருக்குமே. அது துலுக்கானம் ஸ்டுடியோ."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கடலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள். "ஆவடி மாப்பிள்ளைய வோணாம்னு சொன்னவ நான். எங்கம்மா என் கைய புடிச்சிகினு அழுதுச்சி. எங்க ஊட்டாண்ட நின்னா நாள் பூரா ரயிலு போவும். எல்லாம் எங்கியோ போவுது, நான் மட்டும் நிக்கிறேன்னு இருக்கும். இந்தாளு நாலு எடம் பாத்தவரு, நம்மளயும் இட்டுகினு போவாருன்னுதான் உனக்கு கழுத்த நீட்டுனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகவெட்டு என்று நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்த முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். இனி இவள் நான் சொல்கிற எதையாவது நம்புவாளா, சோறு தின்றாயா என்று கேட்டு நான் ஆமாம் என்றால்கூட நம்புவாளா என்று பயம் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள், "அப்போ இதெல்லாம் உனக்கும் புதுசா?" என்றாள்.

"ஆமா."

"மொத நாளு பொகையாட்டம் வந்துச்சே?"

"தீப்புடிச்சிகிச்சின்னு பயந்துட்டேன்."

"அருவி?"

"எறங்கி நின்னு பாக்கணும்னு இருந்துச்சி."

"குளுரு?"

"உயிரு போவுது வசந்தா."

"அப்பறம் ஏன்யா மூஞ்ச அப்டி வெச்சிகினு இருந்த?" இப்போதுதான் கத்தினாள். "உன்ன பாத்து நானும் வாய மூடிகினு வந்தேன்யா! இவ ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சிக்கப் போறியேன்னு, ரெண்டு நாளா ஒரு ஐயோகூட சொல்லாம வந்தேன். நாலு வருசமா காத்துகினு இருந்து வந்தேன்யா!"

பொய் சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவள் பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுடைய இரண்டு நாளை நான் தின்றுவிட்டேன். என்னுடையதையும் சேர்த்து.

அந்த நேரம் பார்த்து மேகம் விலக ஆரம்பித்தது. வெள்ளைச் சுவர் ஓர் ஓரத்தில் கிழிந்து, பிறகு முழுவதுமாகப் போய்விட்டது. எங்கள் காலுக்குக் கீழே மலை சரிந்து இறங்கி, எங்கேயோ அடியில், வெயிலில், வயலும் குளமும் வீடுகளுமாகத் தரை தெரிந்தது. "ஐயோ!" என்றாள் வசந்தா. நானும் "ஐயோ!" என்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு தடவையும் கத்தினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அதோ, குளத்தாண்ட வெள்ளையா தெரியுதே, அது இன்னா ஊரு?"

பெரியகுளம் என்ற பேர் பல் வரைக்கும் வந்துவிட்டது. பஸ் போர்டில் படித்த பேர். விழுங்கினேன்.

"தெரியல."

"கேக்கல."

"எனக்குத் தெரியல வசந்தா."

"போயி கேட்டுகினு வா" என்றாள்.

கடலைக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். முப்பது வருஷமாக அந்த ஊரைத் தினமும் மேலேயிருந்து பார்க்கிறவர். பொட்டலம் மடிக்கிற கையை நிறுத்தாமல், எட்டிக்கூடப் பார்க்காமல், "யாருக்குய்யா தெரியும்" என்றார்.

வசந்தாவிடம் வந்து அதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.