லம்பாக் மலையிலிருந்து தெரியாத பங்களா

ரப்பர் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்தாறு மரம் தெரியும். அதற்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு மரம். ரெங்கத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவியாக ஆறு வருஷம் இருந்துவிட்டேன். கண் போகிற வரைக்கும் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூட வாய்த்ததில்லை. ரப்பர் தாளை உலர்த்தும் எங்கள் புகைக்கூடத்திலும் இயந்திரத்திலும் வேலை செய்கிறவர்கள் சீனர்கள். அவர்களுடைய புத்தாண்டுக்குத் தொழிற்சாலை இரண்டு நாள் மூடப்படும், பால் எடுக்க மரம் வெட்டுவதும் நின்றுவிடும். இந்தத் தடவை அந்த இரண்டு நாளில் குளுவாங்குக்குப் போய் லம்பாக் மலை ஏறிவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வேறு பேச்சு பேசாமல் இருந்தால் சரி என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வேறு பேச்சு இதுதான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஆயாக் கொட்டகை இருக்கிறது. விடியுமுன் வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் பத்து மணி வாக்கில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ரப்பர் விலை விழுந்த பிறகு புதுச் சட்டம் வந்தது: பிற்பகல் ரப்பர் பால் நிறுவை முடியும்வரை யாரும் தன் மர நிரையை விட்டு வரக்கூடாது. அதுவரை குழந்தைகளுக்கு ஆயா கரைத்துக் கொடுக்கும் டின் பால்தான், அதிலும் முக்கால்வாசி தண்ணீர். அஞ்சலை என்ற பெண்ணின் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு மாதக் குழந்தை, கை என் கட்டைவிரல் பருமனுக்கு வந்துவிட்டது. அழுதால்கூடப் பூனைக்குட்டி கத்துவது போல்தான் கேட்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை பங்களா வாசல் வரைக்கும் போனேன். முதல் தடவை தோட்டக்காரனிடம் ரோஜாப் பதியன் கேட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை அதுவும் இல்லை. "ஆளக் குறைக்கிற நேரம், பாக்கியம். கிராணி வேலைக்கு சிரம்பான்லேருந்து பத்துப் பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. வேலை போனால் எங்களுக்கு வீடும் போய்விடும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். ரெங்கத்திலிருந்து குளுவாங் ரயிலில் ஏறக்குறையப் பதின்மூன்று மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு நாற்பது காசு. காலை வண்டியில் போய், நண்பகலுக்குள் மலை ஏறி, அன்றைக்கே திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். குளுவாங்கில் இறங்கிய பிறகுதான் எங்கள் புத்திசாலித்தனம் தெரிந்தது. சீனப் புத்தாண்டுக்கு விடுமுறை கிடைத்தது என்று கிளம்பினோமே, புத்தாண்டு அன்றைக்குக் குளுவாங்கில் யார் கடை திறப்பார்கள், யார் கார் ஓட்டுவார்கள் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீதி முழுக்கப் பலகை போட்டு அடைத்திருந்தது. பட்டாசுத் தாள் கணுக்கால் வரைக்கும் சிவப்பாகக் கிடந்தது. இவர் என்னைப் பார்த்தார்; நான் தாளைப் பார்த்தேன்.

திறந்திருந்தது ஸ்டேஷன் பக்கத்து ராவுத்தர் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் இருபது காசு. விஷயத்தைக் கேட்டுவிட்டு ராவுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இன்னிக்குச் சீனவங்க பெருநாள்லா. காரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்தங்கிட்டுக் காலையில போங்க. வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க, தங்கச்சி அவங்களோட படுத்துக்கட்டும். கிராணி கடையிலயே படுத்துக்கலாம்."

"எவ்வளவு குடுக்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்பாட்டுக்குக் குடுங்க, போதும். படுக்கிறதுக்குக் காசு வாங்கினா எங்க ஊர்ல என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

அவர் ஏற்பாடு செய்த முத்தையாவின் மாட்டுவண்டி விடிந்ததும் வந்தது. மலையடி மூன்று மைலுக்குக் கொஞ்சம் கூட. போக வர நூறு காசு, அதாவது ஒரு வெள்ளி. முத்தையா நல்ல மனிதர், வாய் ஓயாது. மலையில் புலி உண்டா என்று கேட்டேன். "இருக்கும்மா. ஆனா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். அடிவாரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, "நேரா ஏறுங்க, வழி தப்பவே முடியாது" என்று சொல்லி வண்டிக்கடியில் படுத்துவிட்டார். நாங்கள் கால் மணி நேரத்துக்குள் வழி தப்பினோம். மூங்கில் புதரில் முட்டிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தோம்.

மலை ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் என்கிறார்கள். கேட்பதற்குப் பெரிதில்லை. ஆனால் பாதை வளைந்து ஏறாமல் நிமிர்ந்து ஏறுகிறது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, சில இடத்தில் இவர் கையைப் பிடித்து ஏறினேன். மரம் வெட்டும் பெண்கள் செருகுகிற மாதிரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன், இல்லாவிட்டால் முடியாது. அட்டைக்குக் காலில் சவுக்காரம் தேய்த்திருந்தும் மூன்று கடித்துவிட்டன. வழியில் எங்கோ குரங்குக் கூட்டம் ஒன்று ஊளையிட்டது. தலைக்கு மேல் ஒரு பெரிய பறவை போனது. அதன் சிறகடிப்பு யாரோ பாயை உதறுவது போல் கேட்டது. இவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் சிரித்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே தென்புறமாக ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அங்கேதான் மரம் விலகுகிறது. நான் அதன்மேல் ஏறி நின்றேன்.

என்ன சொல்வது? அவ்வளவு பெரியது இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் கரும்பச்சையாகக் காடு. அதை அடுத்து ரப்பர். இலையுதிர் காலமாகையால் மைல் கணக்கில் துருப்பிடித்த நிறம். ரயில் புகை ஒரு நூல் மாதிரி நகர்ந்தது. கிழக்கே பெலுமுட் மலை நீலமாக நின்றது. அந்தப் பக்கமிருந்து ஒரு மழை வந்துகொண்டிருந்தது. மழை பெய்வதைத்தான் பார்த்திருக்கிறேன். மழை நடந்து வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் வெயிலில் நின்றோம், அது கீழே தோட்டம் தோட்டமாக மூடிக்கொண்டு போயிற்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்தது. பயமும் இல்லை, துக்கமும் இல்லை. நான் இவ்வளவு சின்னவள் என்பதில் அப்படி ஒரு நிம்மதி.

"நம்ம தோட்டம் எங்கங்க?" என்றேன்.

அவர் ரெங்கம் இருக்கும் திசையைக் காட்டினார். எங்கள் தோட்டத்தில் துரை பங்களா மேட்டின்மேல் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்க்காமல் யாரும் ஒரு நாளும் கழிக்க முடியாது. அங்கிருந்து தேடினேன், பங்களா தெரியவில்லை. மேடே தெரியவில்லை. இதற்கா வாசலில் நின்று நடுங்கினேன் என்று சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று தோன்றியது. ஆயாக் கொட்டகையும் தெரியவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அஞ்சலை குழந்தை யார் கண்ணுக்குப் படும்? சட்டம் போட்டவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் எல்லாரும் இந்தத் துரு நிறம்தான். துரையும் அதற்குள்தான் எங்கோ இருக்கிறார், என்னைப் போலவே கண்ணுக்குத் தெரியாமல். எதிர்வீட்டில் இருப்பவள் நான்தான். எனக்குத் தெரிகிறது, ஆகையால் நான் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இதை இவ்வளவு நாள் ஏன் மலையளவு பெரிதாக்கிக்கொண்டேன் என்று எனக்கே புரியவில்லை.

இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் துரு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன மரத்தையும் ஒவ்வொண்ணா யாரோ குனிஞ்சு நட்டிருக்காங்க, பாக்கியம்" என்றார்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்யாத வாரம் இல்லை. அன்றைக்கு அந்தக் கேலி வாய்க்கு வரவில்லை. ராவுத்தர் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு முதலில் கொடுத்தேன்.

ஏறுவதற்கு இரண்டரை மணி ஆயிற்று, இறங்குவதற்கு இரண்டு. இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். பிற்பகல் வண்டியில் ரெங்கம் வந்து இறங்கினபோது தூறிக்கொண்டிருந்தது, இவர் குடையை விரித்தார். ஸ்டேஷனுக்கு வெளியே துரை நின்றுகொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும் ஐஸ் கட்டியை வாங்கிப் போக வந்திருந்தார். ஐஸ் பொதிந்த மரத்தூள் மூட்டையை ஆட்கள் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் வசிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளில் இருப்பவர் இறங்க வேண்டும், குடை பிடித்திருப்பவர் மடக்க வேண்டும். வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி. இவர் கை தானாகக் குடைக் கம்பிக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "நனைஞ்சிடுவோம்" என்றேன். குடையோடு நேராக அவரிடம் போனோம்.

எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாக வரும். லயத்தில் குடியிருக்கும் கூலியாட்களிடம் கற்ற தமிழ், மரியாதைப் பன்மை மட்டும் அதில் கிடையாது.

"கிராணி, இது உன் பொஞ்சாதியா? எங்க போன நீ?" என்றார். அவர் கண் குடைமேல் இருந்தது.

"லம்பாக் மலைக்குங்க, தொரை" என்று நானே பதில் சொன்னேன். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஆயாக் கொட்டகைக்கு எதுக்கத்தான் எங்க வீடு. கொழந்தைங்க பசியில கெடக்குதுங்க. பத்து மணிக்குத் தாய்ங்கள விட்டா அரை மணியில வந்துட்டுப் போயிடுவாங்க."

"அது ரூல். சிங்கப்பூர் கம்பெனி போட்டது. நான் போடல."

பங்களா நாய்க்குக் கிடைக்கும் பாலைப் பற்றி ஒரு வாக்கியம் இரண்டு மாதமாக என் நாக்கு நுனியில் இருந்தது. எழுதி மனப்பாடம் செய்த மாதிரி அவ்வளவு கூர்மையான வாக்கியம். ஆனால் கிட்டத்தில் பார்த்தபோது துரைக்குக் கண் மஞ்சள் பாய்ந்திருந்தது. சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மலேரியாக் குளிர். ஐஸ்கூட நெற்றிக்கு வைக்கத்தானோ என்னவோ. அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவரால் ஆட்களுக்கு முன்னால் பின்வாங்கவே முடிந்திருக்காது. சொல்லவில்லை.

"தெரியுங்க. அவங்களுக்கு அங்கேருந்து கொட்டகை தெரியாது. உங்களுக்கும் பங்களாவிலேருந்து தெரியாது. எனக்குத் தெரியுது, அதனால சொல்றேன். அஞ்சல கொழந்த இந்த மாசம் தாங்காதுங்க."

துரை இவர் பக்கம் திரும்பினார்.

"கிராணி, நீ என்னா சொல்ற?"

எங்கள் சோறும் வீடும் அந்த ஒரு பதிலில் இருந்தன. இவர் 'யெஸ் சார்' என்பதைத் தவிர அவரிடம் வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அவ சொல்றது சரிங்க, சார்" என்றார். குரல் நடுங்கியது. குடை நடுங்கவில்லை.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துரை காரில் ஏறினார். நாங்கள் தோட்டத்துக்கு நான்கு மைல் நடந்தோம். வழி முழுக்கக் குடையை இவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சீனப் புத்தாண்டில் போகாதீர்கள். போனால் ராவுத்தர் கடையை நம்பிப் போங்கள். மழைக்காலம் கழிந்து, ரப்பர் இலை சிவக்கிற மாதங்கள் நல்லவை. குடிதண்ணீர் மேலே கிடையாது. ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டு போங்கள். பெண்கள் தாராளமாக ஏறலாம், செருப்பு மட்டும் வேண்டாம். காலையில் சீக்கிரம் ஏறினால் மழைக்கு முன் இறங்கிவிடலாம். இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து மூன்றரை வெள்ளிக்குள் முடிந்தது.

இன்னொன்றும் சொல்வேன், சிரிக்காதீர்கள். யாரிடமாவது சொல்லப் பயந்து அடக்கி வைத்த பேச்சு இருந்தால், மலையோ கடலோ பெரிதாக ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, கால்வலி போவதற்குள் சொல்லிவிடுங்கள். மலை தந்த தைரியம் கால்வலியோடு போய்விடுகிறது. எனக்கு நான்காம் நாள் பயம் திரும்பி வந்துவிட்டது. அதற்குள் பேசி முடித்திருந்தேன், அது நல்லதாயிற்று.

அந்த வாரக் கடைசியில் ஆட்கணக்கு எடுக்கும் காலைப் பெரட்டில் உத்தரவு வாசித்தார்கள்: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள் பத்து மணிக்கு அரை மணி நேரம் வரலாம். அன்றைக்கு அஞ்சலை ஓடி வந்து, குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்து குழந்தையை எடுத்தாள். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். அது குடித்து முடித்ததும் அவள் பக்கத்துத் தொட்டிலில் அழுத பிள்ளையையும் எடுத்து மறுபக்கம் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு ஏழு மாதம். அதன் தாய் இன்னும் நிரையில்தான் இருந்தாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் புறப்பட்டேன்.