கதவில் எழுதிய பாசறை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். நோட்டை எடுப்பேன், அம்மாவின் முகம் நினைவுக்கு வரும், மூடிவிடுவேன். போன தை மாதம் அம்மா அம்பாள் பாதம் சேர்ந்துவிட்டார். இனி யார் மனமும் நோகாது என்று விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் பக்கத்து நெரவியில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான் என ஐந்து பேர். சித்திக்குக் குழந்தை இல்லை. அதனால் என் தலைமுடி சித்தியின் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தன் அறையில் உட்கார வைத்துச் சிக்கெடுத்து, ரெட்டைச் சடை பின்னி, கையில் ஒரு கடலை உருண்டையும் கொடுத்து அனுப்புவார். பிறகு கதவைச் சாத்திக்கொள்வார். வேலை விட்டு வந்த சித்தப்பாவும் உள்ளே போய்விடுவார்.

தனிக்குடித்தனம் போகத்தான் பேசுகிறார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அம்மாவும் சித்தியும் முகம் பார்த்துப் பேசியே பத்து நாளாகியிருந்தது. ஒருநாள் அப்பாவுக்குச் சோறு போட்டபடி அம்மா சொன்னார்:

"உள்ள பாசறை போட்டிருக்காங்க. எந்தக் கோட்டையப் புடிக்கப் போறாங்களோ."

அப்பா ரசம் கேட்டார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கட்சிக்காரர்கள் இந்த வார்த்தையைப் பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பூஜை செய்தால் பூஜையறை, பாசம் இருந்தால் பாசறை. கட்சிக்காரர்களும் ஓர் அறையில் கூடிப் பாசமாக இருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தியின் அறைக்கு அம்மா இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார் என்றால் மனசில் கோபமில்லை என்றுதானே அர்த்தம். அது சித்திக்குத் தெரிந்துவிட்டால் போதும், இருவரும் பேசிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சித்தி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நீலச் சாக்பீஸால் கதவில் 'பாசறை' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு தாமரையும் வரைந்தேன்.

சித்தி அர்ச்சனைத் தட்டோடு வந்து கதவின் முன் நின்றார்.

"யாருடி எழுதுனது?"

"நான்தான் சித்தி."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மாதான். ஒங்க ரூமு பாசறைன்னு அப்பாகிட்ட சொன்னாங்க."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா. சித்தி எனக்குத் திருநீறு பூசிவிட்டு உள்ளே போனார். அன்றும் சடை பின்னிவிட்டார். பின்னல் இறுகி வலித்தது. கடலை உருண்டை மட்டும் இல்லை.

அந்த மாதமே தருமபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அம்மா ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். நீலம் முழுதாகப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சொல்லையும் அதன் பிறகு அவர் வாயில் நான் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பாடத்தில் அந்த வார்த்தை வந்தது. போருக்குப் போன படை தங்கும் இடம் என்றார் டீச்சர். இப்போது கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களைத் தயார் செய்யும் இடத்துக்கு அந்தப் பெயரை வைக்கிறார்களாம். அம்மா சொன்னது எனக்கு அன்றுதான் விளங்கியது. அடிபட்டவர்களும் அங்கேதான் படுத்திருப்பார்கள் என்று டீச்சர் சொன்னதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு, என் முதல் பிள்ளை தங்காமல் போனபோது, சித்தி தருமபுரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைச் சிக்கெடுத்தார். அவருக்கு மூன்று தடவை அப்படி ஆனதாம்.

"அழுவுறதுக்கு அந்த வீட்டுல வேற எடம் ஏதும்மா இருந்துச்சு" என்றார்.

இதை யாரிடமாவது சொல்லத் தோன்றினால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அம்மாவைக் கெட்டவராக்க வேண்டாம், என்னைப் பாவம் என்று சொல்லவும் வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் நான் செய்ததுபோல் பாசம், அறை என்று நடுவில் பிரித்துவிடாதீர்கள்.