மூன்று புள்ளி வைத்த இரண்டு புத்தகங்கள்

1. ஆள் மாறிப் போனது

வியாழக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் மடக்கு மேசை போட்டுப் புத்தகம் விற்பது என் வேலை. மற்ற நாட்களில் ராஜபாளையத்தில் காதர் பாயின் கடையில் இருப்பேன். ஒரு வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு மாரீஸ்வரி மேசைக்கு முன்னால் வந்து நின்று, காலையில் நான் கொடுத்த புத்தகத்தைத் திருப்பி நீட்டினாள்.

"அண்ணே, இது என் புக்கு இல்ல."

நான் போட்ட பிரவுன் பேப்பர் அட்டை பாதி பிரிந்திருந்தது. உள்ளே முறுக்கு மீசை வைத்த தலைவர் ஒருவர் வாளோடு நின்றார். ஒரு சமுதாயத்தின் வீர வரலாறு அது. அவளுக்குப் போக வேண்டிய புத்தகம் வேறு. வெவ்வேறு சாதியிலோ மதத்திலோ பிறந்த இரண்டு பேர் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம்.

"அப்ப என் புக்கு எங்கண்ணே? அதுக்குள்ள என் பேப்பர் இருக்கு."

மாரீஸ்வரி செட்டியார்பட்டிப் பெண். பேண்டேஜ் துணி மடித்துப் பேக்கிங் செய்யும் இடத்தில் வேலை. அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று கடையிலேயே வைத்திருந்தாள். லீவு நாளில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். பதிவு அலுவலகத்தில் கேட்கப்போகிற விவரங்களை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி அதற்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் பெயர், அவள் கட்டிக்கொள்ளப்போகிற மகாராஜபுரத்து அந்தோணியின் பெயர், இருவர் வயது, அப்பா பெயர், முகவரி, சாட்சிகளின் பெயர் எல்லாம் அந்தத் தாளில் உண்டு. அன்று வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று புத்தகத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

வீர வரலாறு கேட்டிருந்தவர் சேத்தூர்க்காரர், அந்தச் சமுதாயச் சங்கத்தின் செயலாளர். கோர்ட்டுக்கு வந்தவர் பதினோரு மணிக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைச் சொன்னதும் மாரீஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவிய எங்க சங்கம்தாண்ணே. எங்கப்பா அவியளுக்குப் பேனர் கட்டுற ஆளு. அவிய ஒரு போன் போட்டாப் போதும், சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள போனா பொறவு வெளிய வர முடியாது. திங்கக்கிழமை கெளம்பிரலாம்னு இருந்தேன். நாலே நாளு."

2. அட்டை போடும் வழக்கம்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மில்லில் பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்தபோது காதர் பாய் வேலை கொடுத்தார். பாய் விற்பது உரிமைப் புத்தகங்கள். அரசியல் சட்டம் தமிழில், தகவல் கேட்கும் மனு எழுதுவது எப்படி, சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, திருநங்கையர் பெயர் மாற்றிக்கொள்ளும் விதிகள், சிறுபான்மையினர் உரிமை. கேட்டால் சாதிச் சங்க வரலாறும் வரவழைத்துக் கொடுப்பார். "அவன் யாருன்னு அவன் படிச்சுத் தெரிஞ்சிக்கிடட்டும்" என்பார்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் அட்டை கேட்டார்கள். என்னை எரிச்சல்படுத்தியது இதுதான். பேச்சுரிமை பற்றிப் புத்தகம் வாங்குகிற வாத்தியார், "தெரியாம மடிச்சுக் குடுங்க, பஸ்ல நம்ம ஹெட்மாஸ்டர் வருவாரு" என்பார். கட்சி மேடையில் மைக்கைக் கடித்துத் தின்கிற ஆள் கடைக்கு வந்தால் ரகசியமாகப் பேசுவார். ஒரு அம்மா பெண்கள் சொத்துரிமைப் புத்தகத்துக்குச் சமையல் புத்தகத்தின் மேலட்டையை ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பேருந்தில் பக்கத்து ஆள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்தே, அவன் எந்தச் சாதி, எந்தக் கட்சி, எவளோடு ஓடப்போகிறான் என்று முடிவு கட்டுகிற ஊர்கள் இவை. அதனால் கடையில் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை என்று ஆகிவிட்டது. நான் நாளெல்லாம் அட்டை போட்டேன். என் பெயர் யாருக்கும் தெரியாது. 'அட்டைக்காரர்' என்பார்கள். எனக்கும் அதுவே வசதி. யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது.

அட்டை போட்டபின் எது எந்தப் புத்தகம் என்று தெரிய வேண்டுமே. மேலே எழுதக் கூடாது. கீழ் மூலையில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னார் பாய். சட்டம் என்றால் ஒரு புள்ளி, பெண்கள் என்றால் இரண்டு, சாதி என்றால் மூன்று.

அந்த வியாழக்கிழமை கொண்டுபோன பையில் ஒரே கனத்தில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டிலும் மூன்று புள்ளி. செயலாளர் நாலு பேரோடு வந்து நின்று, "சீக்கிரம் எடுப்பா" என்றார். பிரித்துப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். நாலு பேர் பார்க்க நின்று பிரிக்கக் கூச்சம். மேலே இருந்ததை எடுத்து நீட்டினேன். "இதாம்ப்பா வேணும். தலைவர் படத்துல பஸ் தூசி படப்பிடாது" என்று அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் போனார். அடுத்து வந்த மாரீஸ்வரிக்கு மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். அவளும் அங்கே பிரிக்கவில்லை. வக்கீல் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்துதான் பிரித்திருக்கிறாள்.

3. பாய் கேட்ட கேள்வி

பாய்க்குப் போன் போட்டேன்.

"ஏலே, அது சட்டப் புக்குல்லா? ஒரு புள்ளிதான வைக்கணும்?"

"சாதி விட்டுச் சாதி கட்டுறதப் பத்தித்தான பாய் இருக்கு. அதான் சாதின்னு மூணு வச்சேன்."



"சாதியக் கட்டிக்கிட்டு அழுறவனுக்கும், அது வேண்டாம்னு ஓடுற புள்ளைக்கும் ஒரே புள்ளியா வச்ச?"

"ரெண்டும் அதப் பத்தித்தான பாய்."

"வாய மூடு. வெவரமாப் பேசுறதுக்கு நேரம் பாத்தான். இப்பமே சேத்தூர் பஸ்ஸப் புடி. பைண்டிங் கோளாறுன்னு சொல்லி வாங்கிட்டு வா."

"நீங்க போன்ல சொல்லுங்களேன் பாய். எனக்குப் பேச வராது."

"நான் சொன்னா, என்ன கோளாறுன்னு அந்த ஆளு அப்பமே அட்டையப் பிரிப்பான். போலே."

மேசையை யார் பார்ப்பது என்று முழித்தேன். மாரீஸ்வரி என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்கண்ணே. அஞ்சே முக்காலுக்கு நான் வீட்டுல இருக்கணும்."

4. தலைகீழ்ப் பக்கங்கள்

ராஜபாளையத்தில் பஸ் மாறி சேத்தூரில் இறங்கியபோது இரண்டரை மணி. செயலாளர் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் ஒரு பிளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றிக் கொடுக்க வேண்டிய வீர வரலாற்றை அவசரத்தில் மேசையிலேயே விட்டு வந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"யாருப்பா?" என்றார் செயலாளர்.

"புக் கடைங்கய்யா. காலையில..."

"ஆமா, அட்டைக்காரரு. எந்த ஊரு உனக்கு?"

"ராஜபாளையம்."

"ராஜபாளையத்துல எங்க?"

"மில்லுக்குப் பின்னாடி."

"மில்லுக்குப் பின்னாடி எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெருவைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே கணக்குப் போட்டு, உட்காரச் சொல்வதா நிற்க வைப்பதா என்று முடிவு செய்வார்கள். ஐம்பது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் இருமிக்கொண்டிருந்தேன். அன்றும் இருமினேன்.

"காலையில வாங்குன புக்குல பைண்டிங் தப்பாயிருச்சுங்கய்யா. வாங்கிட்டு வரச் சொன்னாரு முதலாளி, நாளைக்கு வேற குடுத்தனுப்புவாரு."

"தப்பா? நான் பஸ்லயே அம்பது பக்கம் படிச்சு முடிச்சிட்டேனே! எம்புட்டு அருமையா எழுதிருக்கான்! நம்ம ஆளுக வீரத்த அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திட்டான்." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பதிவுத் திருமண விண்ணப்பம் நிரப்பும் முறையில் என்ன வீரத்தைக் கண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அட்டையைக்கூடத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அம்பது வரைக்கும் சரியா இருக்குங்கய்யா. அறுபதுக்கு மேலதான் பக்கமெல்லாம் தலைகீழா ஒட்டிட்டாங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"ஆமா, நானும் கவனிச்சேன். என்னடா எழுத்தெல்லாம் தலைகீழா நிக்குதேன்னு நெனச்சேன்."

வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பெரிய பொய். அதற்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

"ஏட்டி, உள்ள மேசையில இருக்க புக்க எடுத்தா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

செத்த நேரம் யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கத்தினார். பிறகு காலேஜில் படிக்கிற மகள் புத்தகத்தோடு வந்தாள். அதைக் கையில் வாங்கியதுமே அட்டையின் மடிப்பைப் பார்த்தேன். நான் அட்டை போட்டால் கீழ்ப்பக்கத்தை முதலில் மடிப்பேன். இது மேல்பக்கம் முதலில் மடித்திருந்தது. யாரோ பிரித்து, திரும்ப மடித்திருக்கிறார்கள்.

வாசல் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டேன். பின்னாலேயே அந்தப் பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க." நான் செம்பை வாங்கினேன். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். "பேப்பர் உள்ளதான் இருக்கு. அப்பா தொடவே இல்ல, பயப்படாதீங்க. அந்தக்கா ரெண்டு சாட்சிதான் எழுதிருக்காவ. மூணு பேரு கையெழுத்துப் போடணும்னு புக்குல போட்டிருக்கு. மூணாவது இடம் காலியாக் கெடக்கு. மறக்காமச் சொல்லிருங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இதே மாதிரி கடையில இன்னொண்ணு இருக்கா?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

5. மூன்றாவது கட்டம்

நான் திரும்பி வந்தபோது மணி நாலரை. மாரீஸ்வரி மேசையில் நாலு புத்தகம் விற்றிருந்தாள்.

"அட்டை?"

"அட்டை போட எனக்குத் தெரியாதுண்ணே. கேட்டவங்ககிட்ட இல்லைன்னேன். பேசாம வாங்கிட்டுப் போயிட்டாவ."

எத்தனை வருடம், எத்தனை கட்டுப் பிரவுன் பேப்பர்! இல்லை என்ற ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை. கோபம் அவர்கள் மேல் வந்ததா என் மேல் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். செயலாளர் மகள் சொன்னதைச் சொன்னேன். அந்த வீட்டில் ஒருத்தி படித்துவிட்டாள் என்றதும் பயந்து, பிறகு லேசாகச் சிரித்தாள்.

"மூணு சாட்சின்னு எனக்கும் தெரியும்ணே. ஆளுதான் இல்ல. அந்தோணி கூட்டாளி ஒருத்தரு, எங்கூட வேல செய்யுற அக்கா ஒருத்தி. வேற யாரக் கேட்டாலும், எனக்குத் தங்கச்சி இருக்கு, எனக்குக் கடை இருக்குங்காவ. மேடையில சாதி இல்லன்னு பேசுற ரெண்டு பேருகிட்டயும் கேட்டுப் பாத்தேன். ஒருத்தரு வாழ்த்து சொன்னாரு. இன்னொருத்தரு போன எடுக்கல."

"எங்கிட்டக் கேக்கலியே" என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

"நீங்கதான் எங்க மூஞ்சியவே பாக்க மாட்டீகளே. எப்படிக் கேக்க?"

அவள் பேனாவை நீட்டவில்லை. மேசையில் வைத்தாள். முந்தின நாளாக இருந்தால் நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நேரமாச்சு, பஸ்ஸு போயிரும்மா" என்று சொல்லியிருப்பேன். அந்தச் செயலாளர் என்றாவது இந்தத் தாளைப் பார்ப்பார், இருமினவன் எந்தத் தெருக்காரன் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பும் வராமல் இல்லை.

முதல் கட்டத்தில் பெயர். சின்னராசு என்று எழுதினேன். அதுவரை என்னை அட்டைக்காரர் என்றே அறிந்திருந்தவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். அப்பா பெயர் எழுதினேன். அடுத்தது முகவரி. மில்லுக்குப் பின்னாடி என்று எழுதினால் ஆபீசில் ஏற்க மாட்டார்கள். வீட்டு எண் எழுதினேன். அதற்குப் பக்கத்தில், அன்று மத்தியானம் சேத்தூரில் சொல்லாமல் விழுங்கிய தெருப் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக எழுதினேன்.

திங்கட்கிழமை அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். பிறகு பதிவு அலுவலகத்தில், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று இருவர் பெயரையும் போட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். இத்தனை மூடி மறைத்த பெயர்களைக் கடைசியில் அரசாங்கமே சுவரில் முப்பது நாள் தொங்கவிடுகிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறியவராக இருக்க முடியாது. ஆனால் அந்த முப்பது நாளும் அவள் அந்தோணியின் அக்கா வீட்டில் பத்திரமாக இருந்தாள். முடிந்ததும் நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது சாட்சி நான்தான்.

செயலாளருக்கு வீர வரலாற்றை மறுநாளே கொடுத்தனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். இப்போது பக்கமெல்லாம் நேராக இருக்கிறதாம், முழுக்கப் படித்துவிட்டாராம். அவர் மகள் ஒருநாள் கடைக்கு வந்து கேட்டதை வாங்கிப்போனாள். அட்டை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அது தேவை. எல்லோருக்கும் தேவையில்லை.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். அட்டை கேட்கிறவருக்குப் போட்டுக் கொடுங்கள். ஆனால் கையில் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள், பக்கத்தில் எத்தனை பேர் நின்றாலும் சரி. புள்ளியை நம்பாதீர்கள். உங்களை எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம். நான் இப்போது இருமுவதில்லை.