மலை நகர்வதை அளந்தவர்கள்

தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருப்பது தொண்டையை விற்றுப் பிழைக்கும் தொழில். என்னைப்போல் கத்தி ஓய்ந்த தோழர்களுக்கு இது விளங்கும்.

அவதானிப்பு

யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் முழங்கை போகும். மழைக்கு முன் சனத்தை வேறிடம் மாற்றுங்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டேன். அவர் மண்சரிவு பார்க்கும் ஓர் ஆய்வாளரை வரவழைத்தார். ஜீப்பில் வந்தவர் வெடிப்பின் இரு பக்கமும் வெள்ளை முளைக்கட்டைகளை அடித்துவிட்டு, இது அவதானிப்பு ஆய்வு, ஆதாரம் சேராமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். நானும் விஞ்ஞானம் படித்தவன்தான், துண்டுப்பிரசுரங்களில். அப்படியானால் பிரயோக விஞ்ஞானம் எப்போது வரும் என்று கேட்டேன். சிங்களம் கலந்த அரைத் தமிழில் பதில் வந்தது:

"அது வேற டிபார்ட்மென்ட், மாத்தயா."

ஏழு பேர்ச்

வீடு கட்ட குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. முளையைக் கண்ட சனம், காணி அளந்தாகிவிட்டது என்று முடிவுகட்டியது. ஆளுக்கொரு முளையைப் பிடித்து மஞ்சள் பூசினார்கள். கொழுந்து பறிக்கும் ராக்கம்மாவுக்கு லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருப்பவளோடு ஆகாது. தன் முளையைப் பிடுங்கி மேட்டில் தள்ளி நட்டுவிட்டாள்.

மறுமுறை வந்து நாடா பிடித்த ஆய்வாளர் அரண்டுபோனார். மலை மேல்நோக்கி நகர்ந்திருந்தது.

இது காணிக்கு அடித்த கட்டை இல்லை, மலை இடிந்து விழுமா என்று பார்க்க அடித்தது என்று ராக்கம்மாவுக்கு விளக்கினேன்.

"இடியிற எடத்தத்தானே தலைவரே நமக்குக் குடுப்பானுங்க? அதான் நம்பினோம்."

பிரயோகம்

ஆய்வாளர் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார். மழையும் தொடங்கியது. ஒரு காலையில் லயத்தின் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. நான் ஆர்ப்பாட்டத்துக்குச் சுலோகம் எழுத உட்கார்ந்தேன். நல்ல சுலோகம்; இன்றும் சொல்வேன். எழுதி முடிப்பதற்குள் ராக்கம்மா முன்னால் நடக்க, லயமே பிள்ளை குட்டி, சட்டி பானை, கோழியோடு துரைமாரின் கிளப்புக்குள் போய்விட்டது. பின்னேரம் மலை இறங்கி லயத்தில் பாதியைக் கொண்டுபோனது. ஓர் உயிரும் போகவில்லை.

துரை ஓடிவந்து, "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? இது போராட்டமா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் தொண்டையைச் செருமுவதற்குள், பில்லியர்ட்ஸ் மேசையில் பிள்ளையைத் தூங்கப்போட்டுக்கொண்டிருந்த ராக்கம்மா திரும்பினாள்:

"போராட்டமெல்லாம் இல்லீங்க தொரை, குடி வந்திருக்கோம். அடுப்பு எந்தப் பக்கம் வைக்கலாம், சொல்லுங்க."

அவதானிப்புக்கும் ஒரு ஜீப் வந்தது, பிரயோகத்துக்கும் ஒரு ஜீப் வந்தது. இரண்டாவதில் வந்தவர்கள் பொலிஸ்காரர்கள், பிரயோகித்தவள் ராக்கம்மாவாக இருந்தும் ஏற்றிக்கொண்டு போனது என்னை.