எல்லப்பனுக்கு ஒரு பேண்ட்

வல்லக்கோட்டை எல்லப்பன் ஆறடி நான்கு அங்குலம். முப்பது வயதுவரை வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டியதில்லை என்பதால் அந்த உயரம் அவனுக்கு ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை. கிணறு இரண்டு வருஷமாக வற்றிக் கிடந்ததால் பயிர் வைக்க வழியில்லை. 1979-இல் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பிடித்தது சனி.

"வேட்டியோட மெஷின் கிட்ட வரக்கூடாது. திங்கக்கிழமை பேண்ட் போட்டுகினு வா" என்றார் சூப்பர்வைசர்.

தீபாவளி நெருங்கிவிட்டதால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தையல்காரரும் துணியை வாங்கவில்லை. சனிக்கிழமை காலை மனைவி கனகத்தோடு பட்டணத்துக்கு பஸ் ஏறினான்.

மவுண்ட் ரோட்டில் முதல் கடை. இருந்ததிலேயே பெரிய பேண்ட், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

"இதான் சார் இப்ப பேஷன்" என்றான் கடைக்காரப் பையன்.

"இன்னா பேஷன்? நாத்து நட எறங்குற மாதிரி கீது" என்றாள் கனகம்.

அடுத்த கடையில் நீளம் ஓரளவு சரி. இடுப்பில் இரண்டு எல்லப்பன்கள் நுழையலாம். மூன்றாவது கடையில் உடை மாற்றும் இடத்துத் திரைக்கு மேலே அவன் தலையும் தோளும் தெரிந்தன. துணி எடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உடனே வெளியே வந்துவிட்டான்.

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். சேரல."

"பொய் சொல்லாத. உன் தலை அசையவே இல்ல."

நான்காவது கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூர் மார்க்கெட்டுக்குப் போங்க. வெள்ளைக்காரங்க போட்டுக் கழிச்சது ஏதாச்சும் கெடைக்கும்" என்றார்.

அங்கே பழைய துணி விற்கும் ரத்தினம் மலைபோலக் குவித்து வைத்திருந்தார். ஒன்றில் ஜிப் இல்லை. ஒன்றின் முட்டியில் ஓட்டை. குவியலின் அடியிலிருந்து கடைசியாக ஒரு கருநீலப் பேண்ட் வந்தது. இடுப்பு சரி, நீளம் சரி. ஆனால் முழங்காலுக்குக் கீழே விரிந்து தரையைப் பெருக்கியது.

"பெல்பாட்டம் நைனா, ராஜா மாதிரி கீற" என்றார் ரத்தினம்.

"ரெண்டு கால்லயும் பாவாடை கட்டின மாதிரி கீது" என்றாள் கனகம்.

எல்லப்பன் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு கடைக்குக் கூப்பிட்ட, இங்கிருந்து ஊருக்கு நடந்தே பூடுவேன்."

வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அவன் கால்களைப் பார்த்தார். "யோவ், இதுக்கு வேட்டியே தேவல. மெஷின்ல மாட்டுனா காலே பூடும். சரி பண்ணிகினு நாளைக்கு வா."

வீட்டுக்கு வந்தவன் பேண்ட்டைச் சுருட்டி மூலையில் எறிந்தான். "வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

கனகம் பேண்ட்டை உட்புறமாகத் திருப்பி, கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்து, விரிந்த கால்களைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள். கடைக்காரர்கள், சூப்பர்வைசர், புருஷனை இத்தனை உயரம் வளர்த்த மாமியார் என்று தையலுக்கொரு வசவு. முடித்தபோது ஒரு கால் மற்றதைவிட இறுக்கமாக இருந்தது. குதிகாலை நுழைக்கவே எல்லப்பன் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "உள்ள போ" என்றார்.

அதன்பின் ஆண்டுதோறும் ஆடி மாதமே கனகம் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிடுவாள். எல்லப்பன் அந்தக் கம்பெனியிலேயே நிலைத்து, ஒரு மெஷின் வரிசையையே பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கும் வந்தான். ஆனால் துணிக்கடைப் படி மட்டும் ஏறவில்லை. தங்கை சரோஜாவின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் புடவை எடுத்தபோது, எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கனகம் வாசலுக்கு வந்து மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் இன்னொரு டீ சொன்னான்.