சுவருக்கு மேலே போன சீஸ் வாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஏற முடியாமல் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்ட மாதிரி நிற்கும். அதற்கு மேலே எல்லாருக்கும் ஒரே தகரம், ஒரே காற்று. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் இரண்டு கவளம் சோறு கூட இறங்கும். எங்கள் வீட்டுக்காரர் இருமினால் பக்கத்து வீட்டு அக்கா அங்கேயிருந்தே, "கொத்தமல்லி அவிச்சுக் குடு தங்கச்சி" என்பார். அவர் அடுப்படியில் இருந்து ஒன்று சொல்ல, நான் என் அடுப்படியில் இருந்து ஒன்று சொல்ல, இரண்டு வீட்டுக் குழம்பும் அப்படித்தான் கொதித்து இறங்கும்.

அந்தப் பேச்சு போன மழையோடு நின்றுபோனது. காரணம் என் செவலைக் கோழி. அக்கா ஆசையாகப் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியை ஒரு காலையில் போய் மொத்தமாகக் கிளறி வைத்துவிட்டது. அக்கா என்னிடம் வந்து கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாம் சரியாகியிருக்கும். அவர் கத்தவில்லை. தன் மாட்டிடம் போய்ச் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

"ஒன்ன நான் கட்டித்தான் வச்சிருக்கேன் தாயி. சில பேரு வீட்டுக் கோழிக்கு கணக்கப்புள்ள வேல. விடிஞ்சதும் மலையச் சுத்திப் பாக்கக் கெளம்பிருது."

திட்டு வாங்கியது நான்தான். ஆனாலும் அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். இந்த வாய்க்காகத்தானே எனக்கு அவரைப் பிடிக்கும். அதை அவரிடமே சொல்லிச் சிரிக்க முடியவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். பீலிக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, "என்னாக்கா, மழ விடாது போல" என்று நானாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் வாளியைப் பார்த்து, "நெறஞ்சியா, போவமா?" என்று கேட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த பாலும் நின்றது. நாங்கள் பால்மாவுக்கு மாறினோம்.

இதில் இன்னொரு சங்கடம். அக்கா வீட்டாருக்கு லயத்தை விட்டுத் தனிவீடு கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்றி அடுத்த மலைப் பக்கம் போகிறார்கள். பேசாமலே போய்விட்டால் அந்த மௌனமும் சாமானோடு சாமானாகப் போய் அங்கே குடியேறிவிடும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை மகள் லீவில் வந்தாள். பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பையைத் திறந்து ஒரு கட்டி சீஸை எடுத்து மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"சவுக்காரம் மாதிரி இருக்கே. உடுப்புக்கா, மேலுக்கா?"

"அப்பா, இத உருக்கி சூடா வச்சு, ரொட்டிய தொட்டுத் தொட்டுத் திங்கணும். எங்க ஹோட்டல்ல மழன்னா வெள்ளக்காரங்க வெளிய போவ மாட்டாங்க. இத வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்துருவாங்க."

"நாங்களும் மழன்னா வெளிய போறதில்ல. எங்களுக்கு யாரு இதக் குடுத்தா?" என்றார் அவர்.

அன்றைக்கு நல்ல மழை. பனியும் இறங்கி, எதிர் லயமே தெரியவில்லை. டிவியில் ஒரு படம், சூடாக ஒரு தட்டு, மூன்று பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவது என்று முடிவானது. மகள் செய்முறை சொன்னாள். ஒன்றும் பெரிய வேலை இல்லை. கொஞ்சம் பட்டரில் உள்ளிப்பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கி, பாலை ஊற்றி, அது சூடானதும் துருவின சீஸைத் தூவிக் கிண்ட வேண்டும். மிளகுத் தூள், காரத்துக்குப் பொடியாக வெட்டின பச்சைக் கொச்சிக்காய். அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் கேஸ் முடிந்திருந்தது. அதனால் விறகடுப்பு. விறகு என்றால் கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கி வந்த தேயிலைக் குச்சி, நாங்கள் மிலாறு என்போம். காய்ந்த மிலாறு எரிகிற எரிப்புக்கு அண்டாத் தண்ணீரே சீக்கிரம் கொதிக்கும். சீஸுக்கு மெல்லிய தணல் போதும் என்று மகள் சொன்னாள்தான். எனக்கோ பால் என்று ஒன்று சட்டியில் இருந்தால் அது பொங்கினால்தான் மனசு ஆறும். பொங்காத பாலை இறக்கி எனக்குப் பழக்கமில்லை. இன்னும் இரண்டு மிலாறைத் தள்ளினேன். போதாததற்கு, கெட்டியாக இருக்கட்டும் என்று பால்மாவை அள்ளிக் கரைத்திருந்தேன்.

முதலில் அழகாகத்தான் உருகியது. அகப்பையைத் தூக்கினால் நூல் நூலாகக் கூடவே வந்தது. அவர் எட்டிப் பார்த்து, "இழுக்க இழுக்க வருதே, சம்பளப் பேச்சுவார்த்த மாதிரி" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்த நேரத்தில் கிண்ட மறந்துபோனேன்.

அப்போது சுவருக்கு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அடிப்புடிக்குது, எறக்கு."

அக்காவேதான். நான் அகப்பையோடு அப்படியே நின்றேன்.

"எறக்குன்னு சொல்றேன்ல தங்கச்சி. பால்மாதானே ஊத்துன? கருகுற வாசம் இங்க வந்து கூப்புடுது. சொரண்டாத. மேலாப்புல வேற சட்டிக்கு மாத்து. இந்தா வர்றேன்."

சட்டியை இறக்கி முடிப்பதற்குள் வாசலில் அக்கா நின்றார். தலையில் கோணிப்பை, கையில் ஒரு செம்புப் பால். என்னைப் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போனார். எரிகிற மிலாறை வெளியே இழுத்துப் போட்டார். புதுச் சட்டியில் பாலை ஊற்றித் தணலில் வைத்து, நான் மேலாக்க வழித்துக் கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டினார்.

"இது என்னாது, இப்பிடி வழவழன்னு?"

"சீஸ் பெரியம்மா," என்றாள் மகள்.

"என்னவோ. பால்ல செஞ்சதுதானே, பாலு சொன்னாக் கேக்கும்."

கேட்டது. சட்டியில் சீஸ் மறுபடியும் பளபளவென்று வந்தது. கருகின வாசம் லேசாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நானும் மகளும் ரொட்டி தட்டினோம். எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, பிய்த்துப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம். படம் உள்ளே தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதல் வாயை மென்று பார்த்துவிட்டு, "குத்தமில்ல. கொச்சிக்கா பத்தல" என்று இன்னும் இரண்டைக் கிள்ளிப் போட்டார். அவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன்.

கை துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "புது வீட்டுல சுவரு கூரையில போயி முட்டுது தங்கச்சி. நீ இங்க கருக்குனா அங்க எனக்கு எப்பிடித் தெரியும்?"

கிண்ணத்தை மூடி அவர் கையில் கொடுத்தேன். "அந்தக் கோழிய அறுத்துக் கொழம்பு வச்சுத் தர்றேன்க்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"அறுக்காத. எனக்கே குடு. புது எடத்துல எனக்கு யாரத் தெரியும்? சண்ட போடவாவது பழகுன மொகம் ஒண்ணு வேணும்ல."

ஞாயிற்றுக்கிழமை ட்ரக்டரில் கட்டில், அலுமாரி, சட்டிபானை எல்லாவற்றுக்கும் மேலே, கூடைக்குள் இருந்து தலையை நீட்டிக்கொண்டு என் செவலைக் கோழியும் போனது.

இப்போது விடிந்ததும் எனக்கு போன் வருகிறது. அங்கே போட்ட போஞ்சிப் பாத்தியையும் அது கிளறிவிட்டதாம். "ஒன் கோழி என்னா பண்ணிருக்குன்னு கேளு" என்றுதான் ஆரம்பிப்பார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவர் விளிம்பில் வைத்துவிட்டு, அடுப்பை மூட்டத் தொடங்குவேன்.