இருபத்தாறாம் இலக்கக் கார்

இலண்டன் ஹரோவில் எங்கள் ஆட்கள் யாரும் கராஜுக்குள் கார் விடுவதில்லை. கார் வீட்டு வாசலில் நிற்கும். நாலு பேர் பார்க்கத்தானே வாங்கியது. கராஜுக்குள் இரண்டாவது ஃப்ரீசர், அரிசி மூட்டை, யாருடைய வீட்டுக் கொண்டாட்டத்திலிருந்தோ வந்து தங்கிவிட்ட பெரிய சமையல் கிடாரம். அதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு நான் உள்ளே ஒரு கார் கட்டத் தொடங்கியபோது, எனக்கு மூளை பிசகிவிட்டது என்று சொந்தக்காரர் முடிவு கட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது.

அதுவும் என்ன கார்! ஒரு காலத்தில் அமெரிக்காவில் மண் பாதையில் ஓடிய பந்தயக் காரின் நகல். நீண்ட மூக்கு, கம்பிச் சில்லுகள், கூரை இல்லை, கதவு இல்லை, ஒரே ஒரு சீட். ஏழு பேர் ஏறக்கூடிய ஜெர்மன் வண்டியை வாங்கி அதில் தனியாக வேலைக்குப் போவதுதான் எங்கள் சமூகத்தின் வழக்கம். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய வண்டியை ஒருவன் தன் கையாலேயே செய்வது பச்சைச் சுயநலமாகப் பட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இலண்டனில் வரி கட்டுகிறவனுக்கு அமெரிக்கப் புழுதியில் என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. பகல் முழுக்கக் கவுன்சில் அலுவலகத்தில் இருந்து, குப்பைத் தொட்டி பற்றி வரும் முறைப்பாடுகளுக்குப் பணிவாகப் பதில் எழுதுகிறேன். அப்படிப்பட்டவனுக்கு மாலையில் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் அடிப்பது எவ்வளவு சந்தோஷம் என்பதை அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படி நகல் கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. என்னைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை இலண்டனுக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில் கூடுவார்கள். நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று பரிசோதகர் ஒத்துக்கொண்டால் பாதையில் ஒரு சுற்று ஓடலாம். இல்லாவிட்டால் கயிற்றுக்கு வெளியே நின்று சான்ட்விச் சாப்பிடலாம். நான் பல வருடம் சான்ட்விச் சாப்பிட்டவன். எனக்கு வேண்டியது அந்த ஒரு சுற்று மட்டும்தான். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணத்துக்குக்கூட. இதை மனைவியிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

புதுக் காரைப் பழசாக்குவதில்தான் கிளப்காரர்களின் திறமையே இருக்கிறது. நானும் பூசிய சிவப்புப் பெயின்டைத் தேய்த்து மங்கவைத்தேன். சாயம் இறங்கிய தேத்தண்ணியைப் பல தடவை பூசிக் கறையாக்கினேன். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிரேக்குக்குத் துருப் பிடிக்க வைத்தேன். அந்தக் கைப்பிரேக் எதனோடும் இணைக்கப்படவில்லை, அழகுக்கு வைத்தது. பக்கவாட்டில், அசல் காரின் பழைய படத்தில் உள்ளபடியே, வெள்ளையில் இருபத்தாறு என்று எழுதினேன்.

அர்ச்சனை செய்யாமல் சில்லு உருளக் கூடாது என்று மனைவி சொன்னாள். சரி, கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தால் போகிறது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் பிசகியது. கோயிலுக்குப் போகிற காரைச் சுத்தமாக்கும் பொறுப்பை அவள் கிங்ஸ்பரியில் இருக்கும் என் அக்காவின் கணவரிடம் கொடுத்துவிட்டாள். அத்தான் தங்கமான மனிதர். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் டாக்டரிடம்கூடப் போகமாட்டார்.

நான் வேலையால் வந்து கராஜைத் திறந்தால், கார் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போலப் பளபளவென்று நின்றது. துருவும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. அத்தான் முழங்கை வரை பொலிஷோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு ஊத்தை மச்சான்! உரஞ்சி உரஞ்சிக் கை விட்டுப்போச்சு."

பக்கவாட்டைப் பார்த்தேன். அங்கே இருபத்தெட்டு என்று இருந்தது.

"இருபத்தாறு கூட்டினா எட்டெல்லோ வருது? சனி பிடிச்ச இலக்கம். அதுதான் ஆறுக்கு மேல ஒரு வளைவு போட்டு விட்டனான். இப்ப கூட்டிப் பார், பத்து, அதையும் கூட்டினா ஒண்டு. சூரியன்!"

கோபத்தில் எனக்குக் கண் இருண்டது. ஆனால் அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு அந்த வளைவை அழிக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் காரை டிரெய்லரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் காரின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அங்கிருந்து நேரே ஓடுபாதைக்கு. அத்தானும் வந்தார். அவர் கையில் பிரசாதப் பை, மனைவி கையில் மீன் ரோல்ஸ்.

பரிசோதகர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பளபளப்பைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு, அசலும் முதல் நாள் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சந்தனப் பொட்டைப் பற்றி மரியாதையாக எதுவும் கேட்கவில்லை. இலக்கத்தைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டார். படத்தில் இருபத்தாறு, காரில் இருபத்தெட்டு. ஓட முடியாது.

நான் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, அத்தான் போட்ட வளைவைச் சுரண்டினேன். பெயின்ட் புதிது, சுகமாக உரிந்து வந்தது. பரிசோதகர் சரி என்றார்.

"வேண்டாம் மச்சான்," என்றார் அத்தான். "சொல்லுறதைக் கேள். சனியின்ர எட்டில ஏறாதை."

"அவர் உங்களுக்காகத்தானே செய்தவர்," என்றாள் மனைவி.

நான் இருவரையும் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டினேன். அந்த நேரத்தில் அத்தான் காருக்குள் குனிந்து சீட்டைத் தொட்டுக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சுற்றைப் பற்றி எழுத எனக்குச் சொல் போதாது. எஞ்சின் ஒரு பழைய டெலிவரி வானுடையது. அது போட்ட சத்தமோ சிங்கத்தினுடையது. காற்று முகத்தில் அடித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றும் தெரியாது.

கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி இறங்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், அது கையோடு வந்துவிட்டது. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்குள் மூக்கைக் கொடுத்துக் கார் நின்றது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் மிதிக்கு அடியில், குங்குமம் பூசிய கோயில் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், ஒன்று இறுகிக் கிடந்தது. கும்பிடும்போது அத்தான் காவலுக்கு வைத்தது.

அதை இழுத்தெடுக்கவும் அத்தான் ஓடி வரவும் சரியாக இருந்தது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு காலில் செருப்பில்லை. அந்தப் பளபளத்த காரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"அடி பட்டதே? என்ன மச்சான் நடந்தது? என்ன நடந்தது?"

தேசிக்காய் என் கைக்குள் இருந்தது. கையை விரித்தால் போதும், எட்டும் சனியும் பஞ்சாங்கமும் அன்றோடு ஒழிந்திருக்கும். நான் அதைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"எட்டுத்தான் அத்தான்," என்றேன். "நீங்கள் சொன்னது சரி."

இப்போது இலண்டனில் அத்தான் போகிற கல்யாண மண்டபமெல்லாம் இந்தக் கதைதான். அதைக் கேட்டு வீட்டு இலக்கத்தைக் கூட்டிப் பார்த்து, வாங்க இருந்த வீட்டையே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவரோ புத்தகம் வாசிக்கிறவர் அல்ல. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

ஆறுக்கு மேல் வளைவை நானே திரும்பப் போட்டேன். ஒவ்வொரு வருடமும் காரைக் கொண்டுபோகிறேன். பரிசோதகர் காரின் மூக்கில் உள்ள நசுங்கலை ஆசையாகத் தடவி, இவ்வளவு உண்மையான நசுங்கலைக் கண்டதே இல்லை என்கிறார். பிறகு இலக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்று மீன் ரோல்ஸ் சாப்பிடுகிறோம். அத்தான் மறக்காமல் ஒரு தேசிக்காயைக் காருக்குள் வைக்கிறார். ஓடாத காருக்கு அதனால் ஆபத்தில்லை. நானும் எடுப்பதில்லை.